வீட்டு செட்டுக்கு எந்த ப்ரீஅம்ப்: பஸிவா, அக்டிவா?

பழைய செட்டுகளைத் தூசு தட்டி மீண்டும் பாவிக்கும் ஆசை ஊரில் பலருக்கு வந்திருக்கிறது. நல்ல விடயம்தான். விஞ்ஞானம் படிப்பிக்கிறோம் என்பதால் கடைத்தெருவிலும் கலியாண வீட்டிலும் எம்மை மறித்துக் கேட்கிறார்கள்: "சேர், பஸிவ் ப்ரீஅம்ப் நல்லமா, அக்டிவ் ப்ரீஅம்ப் நல்லமா?" எட்டாம் நம்பர் செருப்பு நல்லதா, ஒன்பதாம் நம்பர் செருப்பு நல்லதா என்று கேட்பதைப் போன்ற கேள்வி இது. காலை அளக்காமல் பதில் சொல்ல முடியாது. எமது வீட்டிலும் இதே கேள்வி வந்தது. அப்போது அளந்தவற்றையும் கணக்குப் பார்த்தவற்றையும் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். ஆனால் சாமான் வாங்கக் கொழும்புக்கு பஸ் ஏறுமுன் வாசித்தால் சிலருக்காவது காசு மிஞ்சும்.

முதலில் வீட்டு நிலைமை. வாப்பாவிடம் இருபதுக்கு மேற்பட்ட கெசட்டுகள் இருக்கின்றன. அவற்றில் நாலைந்து, எண்பதுகளில் மூத்தம்மா கவி படிக்க, வாப்பா பக்கத்தில் இருந்து பதிந்தவை. கிழக்கிலே எமது பெண்கள் வாய்வழியாகச் சொல்லிவந்த கவிகளைப் பற்றிப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. மூத்தம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் படித்த கவிகளில் பாதி வேறெங்கும் எழுத்தில் இல்லை, அந்த நாடாவில்தான் இருக்கின்றன. வாப்பாவுக்கு இப்போது எழுபத்தாறு வயது. அந்தக் குரலை அடையாளம் காணவும், இடையில் வரும் பேச்சில் யார் யார் என்று சொல்லவும் வீட்டில் மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவரே. அவருடைய காதும் வர வர மந்தமாகிறது. ஆகவே, அவர் தெளிவாகக் கேட்கும்படி செட்டைச் சரிசெய்து, கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்வது என்று நாம் தீர்மானித்தோம்.

கெசட் டெக் மண்டபத்து அலுமாரியில். வாப்பா இருப்பது விறாந்தையில். ஊரில் ஒருவர் செய்து தந்த பவர் அம்பும் இரண்டு ஸ்பீக்கர்களும் அங்கேதான். இடையில் பத்து மீற்றர் வயர். பவர் அம்பில் வொலியூம் இல்லை. எனவே டெக்குக்கும் அம்புக்கும் நடுவில் ஏதாவது ஒன்று வேண்டும். அந்த "ஏதாவது ஒன்று"தான் ப்ரீஅம்ப்.

பஸிவ் என்றால் உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பெட்டி, எந்தச் சாமானைக் கேட்பது என்று தெரிவுசெய்ய ஒரு சுவிட்ச், ஒரு வொலியூம். கரண்ட் தேவையில்லை. வருகிற சத்தத்தைக் குறைக்கும், ஒருபோதும் கூட்டாது. அக்டிவ் என்றால் உள்ளே திரான்சிற்றரோ, ஐசியோ, வால்வோ இருக்கும். கரண்ட் வேண்டும். சத்தத்தைக் கூட்டவும் செய்யும், நீண்ட வயரைத் தள்ளிக்கொண்டு போகும் பலத்தையும் கொடுக்கும்.

வீட்டில் இரண்டு கட்சி. நாநா அக்டிவ் கட்சி. "நல்லதா ஒண்டு வாங்குவம். முதலாம் குறுக்குத் தெருவுல ஒரு நாள் சுத்தினா கெடைக்கும்" என்றார். அவர் சொன்ன விலை, ஆசிரியர் சம்பளத்தில் பாதிக்கு மேல். மச்சான் பஸிவ் கட்சி. "ஒரு வொலியூம் போதும் மச்சான். உள்ளுக்க ஒண்டும் இல்லாட்டி கெடுக்கிறதுக்கும் ஒண்டும் இல்ல" என்றார். இரண்டு பேச்சிலும் நியாயம் இருந்தது. ஆனால் இரண்டிலும் ஓர் எண்கூட இல்லை. ஆகவே நாம் கொப்பியை எடுத்தோம்.

முதல் கணக்கு வோல்ற்றளவு. பவர் அம்ப் தன் முழுச் சக்தியைக் கொடுக்க எத்தனை வோல்ற்று கேட்கிறது? பாட்டு வரும் சாமான் எத்தனை கொடுக்கிறது? சிடி பிளேயர்கள் பெரும்பாலும் உச்சத்தில் 2 வோல்ற்று கொடுக்கும். எமது அம்புக்கு 1 வோல்ற்று போதும். அப்படியென்றால் சிடிக்குக் கூட்டும் வேலையே இல்லை. பாதியாகக் குறைக்கும் வேலைதான். இரு மடங்கு இருப்பதைப் பத்து மடங்காக்கிவிட்டு, பிறகு வொலியூமை ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் வைத்துக்கொண்டு கேட்பதில் என்ன பயன்? வொலியூமின் அந்த அடிப்பகுதியில்தான் இடது வலது சமநிலை அதிகமாகத் தவறும். இந்த இடத்தில் மச்சான் சொன்னது சரி.

ஆனால் கெசட் டெக் சிடி பிளேயர் அல்ல. எமது டெக்கின் கையேட்டில் இருப்பது 0.4 வோல்ற்று. அம்புக்கு வேண்டியதில் பத்தில் நாலு பங்கு. சக்தி, வோல்ற்றளவின் வர்க்கத்துக்கு விகிதசமம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோமல்லவா? 0.4ஐ 0.4ஆல் பெருக்கினால் 0.16. வொலியூமை முழுதாகத் திறந்து வைத்தாலும் அம்பின் சக்தியில் 16 வீதம்தான் வரும். அதுவும் உரத்த பதிவு என்றால். மூத்தம்மா மெல்லிய குரலில் படித்தவர். மைக்குக்குத் தூரமாகவும் இருந்தவர். பஸிவ் போட்டால் வாப்பாவுக்குச் சத்தம் காணாது. இந்த இடத்தில் நாநா சொன்னது சரி.

இரண்டாவது கணக்கைத்தான் அநேகர் பார்ப்பதில்லை. அது தடங்கல், வேலை செய்பவர்கள் இம்பீடன்ஸ் என்பார்கள். வொலியூம் என்பது, தொடராக இணைத்த இரண்டு தடைகளின் நடுவிலிருந்து வோல்ற்றளவை எடுப்பதுதான். சத்தத்தைப் பாதியாகக் குறைக்கும் இடத்தில், 100 கிலோ ஓம் வொலியூமின் வெளிவாய்த் தடை அதன் காற்பங்கு, அதாவது 25 கிலோ ஓம். வயருக்குள்ளும் ஒரு கொள்ளளவி ஒளிந்திருக்கிறது. நடுக்கம்பியும் அதைச் சுற்றிய வலையும் இரண்டு தகடுகள் போல நிற்கின்றன. சாதாரண ஆர்சிஏ வயரில் மீற்றருக்கு 100 முதல் 200 பிக்கோ பரட் வரை இருக்கும். 150 என்று வைத்தால், எமது பத்து மீற்றருக்கு 1500. அம்பின் உள்வாய் 47 கிலோ ஓம். இவற்றையெல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், ஏறத்தாழ 6,500 ஹேர்ட்ஸ் மீடிறனில் சக்தி பாதியாகிவிடுகிறது. அதற்கு மேலே இன்னும் இறங்கும்.

இது ஏன் பெரிய விடயம்? வயது போகும்போது காது முதலில் இழப்பது உயர் மீடிறன்களைத்தான். பேச்சில் ச, ஸ, ஷ போன்ற ஒலிகளின் கூர்மை அந்த உயரத்தில்தான் இருக்கிறது. "சத்தம் கேக்குது, ஆனா என்ன சொல்றாங்க எண்டு வெளங்குதில்ல" என்று வீட்டிலே பெரியவர்கள் சொல்வது இதனால்தான். அப்படிப்பட்ட காதுக்கு, கொஞ்சநஞ்சம் மிஞ்சியிருக்கும் கூர்மையையும் வயரிலே தொலைத்துவிட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பதா? கேட்பவர் இளையவர் என்றால், பாட்டு கொஞ்சம் மங்கல் என்று நினைத்து விட்டுவிடுவார். எமக்கு வேண்டியது பாட்டின் இனிமை அல்ல, கவியின் சொல். ஒரு சொல் பிழையாகக் கேட்டால் பிழையாகவே எழுதப்படும். அதைத் திருத்த மூத்தம்மா இல்லை.

"அப்ப 100க்குப் பதிலா 10 கிலோ ஓம் வொலியூம் போடுவம்" என்றார் மச்சான். நல்ல யோசனை. வெளிவாய்த் தடை இரண்டரை கிலோ ஓமாக இறங்கும். சக்தி பாதியாகும் இடம் 40,000 ஹேர்ட்ஸைத் தாண்டிவிடும். மனிதக் காதின் எல்லையே 20,000. ஆகவே வயர் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் இப்போது மறுபக்கம் இடிக்கிறது. கெசட் டெக்கின் கையேடு, 50 கிலோ ஓமுக்குக் குறையாத சுமையைக் கொடு என்கிறது. 10 கிலோ ஓமைக் கொடுத்தால், ஏற்கெனவே காணாத 0.4 வோல்ற்று இன்னும் இறங்கும். 100 போட்டால் வயர் கெடுக்கிறது. 10 போட்டால் டெக் இளைக்கிறது. பஸிவின் சங்கடம் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கும். டெக்கும் அம்பும் ஒரே தட்டில், அரை மீற்றர் வயரோடு இருந்திருந்தால் வயர் பற்றி யோசிக்கவே தேவையில்லை.

அப்படியானால் அக்டிவ்தானே முடிவு? அவசரப்பட வேண்டாம். அக்டிவ் எதைச் செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். அது தெளிவைக் கொடுக்காது. வகுப்பில் ஒரு மூலையில் பிள்ளைகள் இரைச்சல் போடும்போது, வகுப்பு முழுவதற்கும் சேர்த்து மைக் வைத்தால் என்ன நடக்கும்? ஆசிரியரின் குரலும் பெருக்கும், இரைச்சலும் பெருக்கும். நாடாவில் பதிந்த "ஸ்ஸ்" இரைச்சலும் அப்படித்தான். மூன்று மடங்கு கூட்டினால் குரலும் மூன்று மடங்கு, இரைச்சலும் மூன்று மடங்கு. எத்தனை இலட்சத்துக்கு ப்ரீஅம்ப் வாங்கினாலும் இந்த விகிதம் மாறாது.

அக்டிவோடு வரும் இன்னொரு விருந்தாளி உறுமல். எமது நாட்டில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். செட்டில் இரண்டு சாமான்கள் வெவ்வேறு பிளக்கில் நிலத்தொடுப்பு எடுத்து, வயரின் வலை வழியாகவும் இணைந்துவிட்டால், ஒரு வளையம் உண்டாகி 50 ஹேர்ட்ஸ் உறுமும். மலிவான பவர் சப்ளை என்றால் 100 ஹேர்ட்ஸும் சேரும். மெல்லிய கவிப் பதிவில் அந்த உறுமல் குரலோடு போட்டிபோடும். எல்லா வயரையும் ஒரே பிளக்குக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் அடங்கும்.

இதையெல்லாம் விட முக்கியமான ஒரு வேலை, ஒரு சதமும் செலவில்லாத வேலை, டெக்கின் ஹெட்டைத் துடைப்பது. பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரோப்பைல் அல்கஹோல் தொட்டுத் துடைத்தால் மண்ணிறமாக அழுக்கு வரும். அந்த அழுக்கே உயர் மீடிறனைத் தின்றுகொண்டிருக்கும். அடுத்தது ஹெட்டின் சாய்வு. பதிந்த செட்டின் ஹெட் எந்தக் கோணத்தில் நின்றதோ, வாசிக்கும் ஹெட்டும் அதே கோணத்தில் நிற்க வேண்டும். சற்றே பிசகினாலும் கூர்மை போய்விடும். ஹெட்டின் ஓரத்தில் உள்ள சிறு ஆணியை, கெசட் ஓடும்போதே, மெதுவாக இப்படியும் அப்படியும் திருப்பி, "ஸ்ஸ்" ஒலி ஆகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். திருப்புமுன் ஆணியின் நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். எமக்கு ப்ரீஅம்பை விடப் பெரிய வித்தியாசத்தைக் காட்டியது இந்த ஆணிதான்.

இனி நாம் செய்தது. நாநாவின் கட்சியும் வெல்லவில்லை, மச்சானின் கட்சியும் தோற்கவில்லை. சிடிக்கும் போனுக்கும் கூட்டல் தேவையில்லை. டெக்குக்கு மட்டும்தான் தேவை. ஆகவே டெக்குக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னப் பலகையில் என்ஈ 5532 என்ற எட்டுக் கால் ஐசியை வைத்தோம். எழுபதுகளின் இறுதியிலிருந்து ஒலிச் சாமான்களில் பாவிக்கப்படும் ஐசி, விலை சொற்பம், ஒன்றுக்குள் இரண்டு விரியலாக்கிகள், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. 20 கிலோ ஓமும் 10 கிலோ ஓமும் பின்னூட்டத்தில் போட்டால் பெருக்கம், ஒன்றுடன் பத்தில் இருபது, அதாவது மூன்று. 0.4 வோல்ற்று 1.2 ஆகிறது. அம்புக்குப் போதும். உள்வாயை 100 கிலோ ஓமாக வைத்ததால் டெக்குக்குச் சிரமமில்லை. வெளிவாயில் 10 மைக்ரோ பரட் கொள்ளளவி. அதன் பிறகு, தெரிவுசெய்யும் சுவிட்ச், 10 கிலோ ஓம் வொலியூம், பத்து மீற்றர் வயர். சிடியும் போனும் அந்தப் பலகையைத் தொடாமல் நேரே சுவிட்சுக்கு வருகின்றன. அவற்றுக்குப் பெட்டி பஸிவ். டெக்குக்கு மட்டும் அக்டிவ்.

கரண்ட் விடயத்தில் 9 வோல்ற்று பற்றரி இரண்டு வைத்தோம். அந்த ஐசி இழுப்பது 8 மில்லி அம்பியர் அளவில்தான். நல்ல அல்கலைன் பற்றரி ஐம்பது மணித்தியாலம் அளவில் ஓடும், அணைக்க மறக்காவிட்டால். மின்சாரத்தோடு தொடுப்பே இல்லாததால் அந்தப் பலகையிலிருந்து உறுமல் வர வழியில்லை.

வொலியூம் வாங்கும்போது இரண்டு விடயம் பாருங்கள். ஒன்று, மடக்கை வகை. இப்போது கடைகளில் வருபவற்றில் பெரும்பாலும் 'ஏ' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். 'பி' என்றால் நேர்கோட்டு வகை. சற்றுத் திருப்பியதும் சத்தம் திடீரென எழும்பி, பிறகு கூடாதது போலிருக்கும். எமது காது மடக்கை முறையில் கேட்பதால்தான் இந்த வேறுபாடு. மற்றது, நாம் கடற்கரை மக்கள். உப்புக் காற்றில் மலிவான வொலியூம் ஓரிரு வருடத்தில் கரகரக்கத் தொடங்கும். அல்ப்ஸ் போன்ற நல்ல மூடிய வகையைத் தேடுங்கள். அசலைப் போலவே நகல்களும் விற்கப்படுகின்றன, நம்பிக்கையான கடையில் எடுங்கள். பஸிவ் பெட்டியில் ஒலியின் பாதையில் இருக்கும் பெரிய பாகமே இதுதான், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இரண்டுக்கும் இடையில் இன்னொரு வழியும் உண்டு. அதை பஃபர் என்பார்கள். சத்தத்தைக் கூட்டாது, ஆனால் வயரைத் தள்ளும் பலத்தைக் கொடுக்கும். அமெரிக்காவின் அம்ப் வடிவமைப்பாளர் நெல்சன் பாஸ், பி1 என்ற பெயரில் அப்படி ஒன்றின் சுற்றை 2008இல் எல்லோரும் செய்துகொள்ளும்படி வெளியிட்டார். பெருக்கம் ஒன்றுதான். வோல்ற்றளவு தாராளமாக இருந்து, வயர் மட்டும் நீளம் என்றால் இந்த வழி பொருந்தும்.

ஆகவே ஊரவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்வது இதுதான். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பாட்டு வரும் சாமான், அம்ப் கேட்கும் வோல்ற்றளவைக் கொடுக்கிறதா? நடுவிலுள்ள வயர் ஓரிரு மீற்றருக்குள் அடங்குமா? அந்தச் சாமான் 10 கிலோ ஓம் சுமையைத் தாங்குமா? மூன்றுக்கும் ஆம் என்றால் பஸிவ் போதும். மிச்சக் காசை ஸ்பீக்கரில் போடுங்கள். முதலாவதற்கு இல்லை என்றால் அக்டிவ் வேண்டும். அது சரியாக இருந்து மற்ற இரண்டில் ஒன்று இல்லை என்றால் பஃபர் போதும். இசைத்தட்டு வைத்திருப்பவர்களுக்கு இது வேறு கதை. அதன் ஊசி தருவது சில மில்லி வோல்ற்றுகள்தான். ஃபோனோ ஸ்டேஜ் என்ற தனி விரியலாக்கி கட்டாயம். அதற்குப் பிறகுதான் இந்தக் கேள்வியே வரும்.

எமது வீட்டில் இப்போது வெள்ளி பின்னேரங்களில் கேட்டு எழுதுகிறோம். தங்கச்சி எழுதுகிறாள், நாம் நிறுத்தியும் ஓடவிட்டும் கொடுக்கிறோம், வாப்பா சொல்கிறார். முதல் நாளே, கவிக்குப் பின்னால் டக் டக் என்று ஒரு சத்தம் வந்தது. டெக் பழுது என்றுதான் நாம் நினைத்தோம். வாப்பா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "அது நம்மட தறி. பக்கத்து அறையில ராத்தா நெய்யிறா" என்றார். அந்தத் தறி போய் முப்பது வருடத்துக்கு மேல். இதுவரை பதினேழு கவிகளை எழுதியிருக்கிறோம். இரண்டு கவிகளில் ஒரு சொல் வாப்பாவுக்கும் விளங்கவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டு, நிமிடத்தைக் குறித்து வைத்திருக்கிறோம். ஊரிலே வேறு யாராவது மூத்தவர்கள் வந்து கேட்டுச் சொல்லக்கூடும்.

2004 சுனாமியில் எமது கரையோரத்தில் வீடுகளோடு இப்படியான எத்தனையோ பெட்டிகள் போய்விட்டன. மிஞ்சியவை அலுமாரிகளில் பூஞ்சணம் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நாடா வருடா வருடம் தேய்கிறது. குரலை அடையாளம் காட்டக்கூடியவர்களும் குறைந்து வருகிறார்கள். உங்கள் வீட்டில் அப்படிக் கெசட் இருந்தால், ப்ரீஅம்ப் வாங்கும் வரை காத்திருக்காதீர்கள். ஹெட்டைத் துடையுங்கள், சாய்வைச் சரிபாருங்கள், டெக்கின் வெளிவாயைக் கணினியின் லைன் உள்வாயில் தொடுத்து முதலில் பிரதி எடுத்துவிடுங்கள். பிறகு வீட்டு மூத்தவரைப் பக்கத்தில் இருத்திக் கேளுங்கள். டெக் இல்லாதவர்கள் கெசட்டை எமது வீட்டுக்குக் கொண்டு வரலாம். சனிக்கிழமைகளில் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு இருப்போம். கெசட்டை மட்டும் அனுப்பாமல், அந்தக் குரலைத் தெரிந்தவரையும் கூட்டி வாருங்கள்.